முகமில்லாமல் போன மோட்டார் சைக்கிள்

என்னிடம் வேலை பழக வந்த பிள்ளைகள், எந்தப் பசை நல்லது, எந்த அரத்தாள் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். அதெல்லாம் டப்பாவின் முதுகில் எழுதியிருக்கும். வாசித்தால் போதும். டப்பாவில் எழுதாத ஒரு சங்கதி இருக்கிறது. வேலை மேசைக்கு முன்னால் ஒரு ஆள் வந்து நின்று "கெதியாய், கெதியாய்" என்று உங்கள் உயிரை எடுக்கும்போது என்ன செய்வது? அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த ஆள் துவக்கோடு நின்றாலும் தெரியும்.

நான் இலங்கைத்துறைக்காரி. சண்டைக்குள் அங்கிருந்து எழும்பி வந்து, திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஒரு வளவுக்குள் தகரம் போட்டு இருந்தோம். என் மனுசனுக்குக் கடற்றொழில். ஆனால் அந்த நாட்களில் கடலுக்கும் கதவு இருந்தது. இந்த நேரத்துக்குப் பிறகு போகக்கூடாது, இந்த எல்லைக்கு அங்கால் போகக்கூடாது, பெரிய எஞ்சின் பூட்டக்கூடாது என்று நேவிக்காரர் சொல்வார்கள். எங்களுடைய பைபர் வள்ளம் கரையில் கிடந்தே வெடித்தது. நான் ரெசின் வாங்கி, கண்ணாடி நார்த் துணி வைத்து, அதை ஒட்டிக்கொண்டிருந்ததை வழியால் போன ஒருவர் நின்று பார்த்தார். துறைமுகப் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர். "தங்கச்சி, இந்தக் கை பைக்கின்ர பிளாஸ்டிக்கையும் ஒட்டுமோ?" என்று கேட்டார். ஒட்டும் என்றேன். அப்படித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

முதலாளி நல்ல மனுசன். குறை ஒன்றே ஒன்று. வாயில் "ஓம்" மட்டும்தான் வரும். வருகிறவன் என்ன கேட்டாலும் "ஓம் ஓம், பின்னேரம் வாங்கோ" என்பார். பின்னேரம் வருகிறவனுக்குப் பதில் சொல்வது நாங்கள்.

எனக்கு எப்பொக்சி என்கிற இரட்டைப் பசையைப் பழக்கினவர் மூதூரிலிருந்து தோணியில் வந்துபோன ஒரு முஸ்லிம் நானா. கொஞ்சக் காலம்தான் எங்களோடு நின்றார், பிறகு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். வள்ளத்துக்கு ரெசின் கலக்கும்போது, இறுக வைக்கிற ஹாட்னரைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் கெதியாய் இறுகும். அந்தப் பழக்கத்தில் நான் எப்பொக்சிக்கும் கையைத் தாராளமாக நீட்டினேன். நானா என் கையைத் தட்டிவிட்டார்.

"இது மாப்பிள்ளை பொண்ணு மாதிரி புள்ள. ஆளுக்கு ஆள். ஒரு பக்கம் ஆள் கூடினால் கலியாணம் கெதியா நடக்காது, கலவரம்தான் நடக்கும்."

நான் கேட்டுக்கொண்டேன். முதலாளி கேட்கவில்லை. நானும் நானாவும் இல்லாத ஒரு நாள், ஒரு ஐயருடைய ஸ்கூட்டர் வந்திருக்கிறது. முன் தட்டில் வெடிப்பு. ஐயருக்கு அன்றைக்கே ஒரு கலியாண வீடு. முதலாளி "ஓம் ஐயா" என்று சொல்லி, தானே ஹாட்னரை அள்ளிக் கலந்து பூசி அனுப்பிவிட்டார். கலியாண வீட்டு வாசலில் ஐயர் இறங்கினார். அவருடைய வேட்டிக்கரை இறங்கவில்லை, இறுகாத பசையில் ஒட்டிக்கொண்டது. பெண் வீட்டார் ஓடிவந்து கத்தரிக்கோலால் வெட்டித்தான் குருக்களை உள்ளே கூட்டிப்போனார்கள். அடுத்த நாள் ஐயர் கடைக்கு வந்து முதலாளியைத் திட்டவில்லை. வேட்டியிலிருந்து வெட்டின துண்டை மேசையில் வைத்து, "இதையும் ஒட்டித் தாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடை முழுக்கச் சிரித்தது, முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

இனி, நான் சொல்ல வந்த கதை.

சமாதானம் என்று சொல்லிப் பாதையெல்லாம் திறந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. ஆனால் அந்தச் சமாதானம் ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் கடை பூட்டு, ஒரு நாள் எங்கேயோ வெடிச் சத்தம். நல்ல மாரி மழை. ஒரு காலமை, நனைந்த சீருடையோடு ஒரு நேவிக்காரன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தோளில் துவக்கு. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களும் "பிறகு வாறம் அண்ணை" என்று நழுவிவிட்டார்கள்.

வண்டியைப் பார்த்ததும் எனக்கு ஆசையாய்ப் போய்விட்டது. ஜப்பானில் ஓடிப் பழையதாகி இங்கே வந்த பெரிய வண்டி. நீலமும் வெள்ளையும். முன்னுக்கு முகம் மாதிரி, பக்கத்துக்குச் சட்டை மாதிரி, காற்றைக் கிழித்துப் போகிறதற்கென்று போட்ட பிளாஸ்டிக் கவர். ஃபெயாரிங் என்று நீங்கள் சொல்வது அதுதான். அந்த நாட்களில் திருகோணமலையில் அப்படி ஒரு வண்டி ஓடினால் சந்தியில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கவரில் ஒரு நங்கூரப் படம் ஒட்டியிருந்தான். அந்த நங்கூரத்துக்கு மேலால் ஒரு வெடிப்பு ஓடி விளக்குக்குக் கீழ் வரைக்கும் போயிருந்தது. இறங்குதுறையில் இரும்புப் படியோடு சாய்ந்து விழுந்ததாம். கவரை வண்டியோடு பிடிக்கிற காது முழுதாய் முறிந்து அவனுடைய சட்டைப் பைக்குள் இருந்தது.

"நாளைக்கு காலை நான் வீட்டுக்கு போறது," என்றான், தெரிந்த தமிழில். "இன்டைக்கு செய்ய வேணும்."

"ஓம் சேர்! பின்னேரம் வாங்கோ சேர்!" என்றார் முதலாளி.

அவன் கவரைக் கழற்றித் தந்துவிட்டு, வண்டியையும் விட்டுவிட்டுப் போனான். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் மழையைப் பார்த்தார்.

இந்த வேலை தெரிந்த உங்களுக்கு விளங்கும். அந்த இடத்துக்கு மெல்ல இறுகுகிற எப்பொக்சி வேண்டும், உள்பக்கம் நார்த் துணி வேண்டும். வெயில் நாளென்றால் ஒரு இரவு போதும். அந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் இரண்டு இரவாவது வேண்டும். பல்பைப் பிடித்துச் சூடாக்கிப் பார்க்கலாமென்றால் விடியற்காலையே கரண்ட் போய்விட்டது.

"அந்த அஞ்சு நிமிசப் பசையைப் போடன் பிள்ளை," என்றார் முதலாளி.

அது வாளிக்கும் பேசினுக்கும் போடுகிற பசை. பார்வைக்கு ஒட்டும். மேலே பெயின்ட் அடித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பிஸ்கட் மாதிரி முறியும்.

"அண்ணை, இந்தக் காது இருக்கிற இடத்தைப் பாருங்கோ. ஹாண்டிலுக்குப் பக்கத்தில. ஓடேக்க கழண்டுதெண்டால் ஹாண்டில் திரும்பாது."

"அவன் ஹபறணைச் சந்தி தாண்டினாப் பிறகு கழண்டால் எங்களுக்கென்ன?"

"ஹபறணை தாண்ட முன்னம் கழண்டால்?"

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தமிழ்க் கடையில் திருத்தின வண்டியில் ஒரு நேவிக்காரன் விழுந்து செத்தான் என்றால், அதை விபத்து என்று யார் நம்புவார்கள்? அந்தக் காலத்தில் அதைவிடச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் ஆட்கள் காணாமல் போனார்கள்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. முறிந்த காதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்குள் பெரிய நேர்மை ஒன்றும் எழும்பவில்லை, பிள்ளைகள். எழும்பினது பயம். பின்னேரம் அவன் கோபப்படுவான் என்ற பயம் ஒன்று. நாளைக்கு அவன் விழுவான் என்ற பயம் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோபம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறபடியால் பெரிதாய்த் தெரிகிறது. ஆனால் அதோடு கதைக்கலாம், சமாளிக்கலாம், காலில் விழவேண்டுமென்றால் விழலாம். நடுரோட்டில் விழுகிறவனோடு கதைக்க ஏலாது. அதுவும் அவன் ஆர் பெற்ற பிள்ளையோ. அதை யோசித்ததும் எனக்குத் தெளிவாகிவிட்டது. தெளிவானதும் பசித்தது. பாணும் சம்பலும் எடுத்துச் சாப்பிட்டேன்.

பின்னேரம் அவன் வந்தான். எனக்கு முதலில் ஆளை அடையாளம் தெரியவில்லை. துவக்கில்லை, சீருடையில்லை. தலைமயிர் வெட்டி, புதுச் சட்டை போட்டு, சென்ட் மணக்க வந்து நின்றான்.

"சரியா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எழும்பினேன். எனக்குச் சிங்களம் அரைகுறை. அவனுக்குத் தமிழ் அரைகுறை. இருந்த அரையை எடுத்துச் சொன்னேன்.

"பே மாத்தயா. பே."

சிங்களத்தில் 'மாத்தயா' என்றால் ஐயா, 'பே' என்றால் ஏலாது. ஆனால் எதிர்க்கடை வாசலில் நின்றவர்களுக்கு அது வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. முதலாளியின் கடை அக்கா நேவிக்காரனை நேருக்கு நேர் 'பேய்' என்று ஏசிவிட்டாள் என்று அன்று இரவே அன்புவழிபுரம் வரைக்கும் கதை போய்விட்டது. என் மனுசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அவனுடைய முகம் சிவந்தது. "இவர் சொன்னது பின்னேரம்!" என்று முதலாளியின் பக்கம் கையை நீட்டினான். முதலாளி ஒரு டயருக்குப் பின்னால் போய் நின்றார்.

"கோவமெண்டால் என்னோட கோவியுங்கோ," என்றேன். "ஆனால் ஒருக்கால் இதைப் பாருங்கோ."

சாப்பிட்ட கையோடு ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டை அந்த அவசரப் பசையால் ஒட்டி வைத்திருந்தேன். அதை அவன் கையில் கொடுத்தேன். வளைத்துப் பாருங்கோ என்று சைகை காட்டினேன். வளைத்தான். டக்கென்று முறிந்து ஒரு துண்டு அவனுடைய புதுச் சட்டையில் பட்டு விழுந்தது. நான் அவனுடைய வண்டியின் ஹாண்டிலைப் பிடித்து, முறிந்த காதை அந்த இடத்தில் செருகி, திருப்பிக் காட்டினேன். ஹாண்டில் இறுகி நின்றது.

"இது ரோட்டில. நீங்கள் ஓடேக்க."

அவன் அந்த ஹாண்டிலைக் கனநேரம் பார்த்தான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தான். சத்தம் போடவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாயிருந்தது.

"எப்ப சரி வரும்?"

"ரெண்டு ராத்திரி. வெயில் எறிச்சால் நல்லது."

"எனக்கு ஏலாது. நாளைக்கு..." என்று தொடங்கினவன் நிறுத்தினான். காது சிவந்தது. இந்த முறை கோபமில்லை. அவன் சிங்களத்தில் மெல்ல ஏதோ சொன்னான். முதலாளி டயருக்குப் பின்னாலிருந்தே மொழிபெயர்த்தார்.

"பொம்பிளை பார்க்கப் போறாராம் பிள்ளை. பொலன்னறுவைப் பக்கமாம். தரகர் அங்க போய், மாப்பிள்ளையிட்ட ரேசிங் பைக் இருக்கெண்டு சொல்லிப்போட்டாராம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரிக்க முதலாளியும் சிரித்தார். அவன் முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் தலையைக் குனிந்து சிரித்தான். மழை நேரம், கரண்டில்லாத கடை, மூன்று பேரும் அப்படிச் சிரித்தோம். காலமை தோளில் துவக்கோடு வந்தவனா இவன் என்று இருந்தது.

"பைக் ஓடும்," என்றேன். "முகம் மட்டும்தானே இல்லை. இதை விட்டிட்டுப் போங்கோ. நான் ஒட்டி வைக்கிறன்."

பக்கத்துக் கவர்களையும் கழற்றி, விளக்கை றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் போட்டு மூடின வண்டியைக் கழற்றினால் எப்படி இருக்குமென்று உங்களுக்குத் தெரியும்தானே. வயர்களெல்லாம் வெளியில். அவன் சுற்றி வந்து பார்த்தான்.

"குகுலா," என்றான் சோகமாக. கோழி. இறகு பிடுங்கின கோழி மாதிரித்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"பொம்பிளை வீட்டுக்கு நீங்கள் முழுசாய்ப் போய்ச் சேர்ந்தால் காணும்," என்றேன். அவனுக்கு அது விளங்கினதோ தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனுசன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்:

"எங்கட வள்ளத்தைக் கரையில கட்டி வைச்சிருக்கிறவனுக்கு நீ பொம்பிளை எடுத்துக் குடுக்கிறாய். நல்லாயிருக்கு."

"ரோட்டில விழட்டும் எண்டு விட்டிருக்கச் சொல்லுறியளோ?"

அவர் வலையில் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார். பிறகு, "குடை கொண்டு போனவனோ? நல்ல மழை," என்றார். பைக்கில் போகிறவன் குடை கொண்டு போவானா? என் மனுசன் அப்படித்தான்.

கவரை நான் ஆறுதலாகச் செய்தேன். அவசரமில்லாத வேலை என்ன சுகம் தெரியுமா! அது நன்றாக இறுகினது. நீலம் அடித்து, நங்கூரப் படத்தையும் திரும்ப ஒட்டி, சுவரில் ஆணியில் மாட்டினேன். லீவு முடிந்து வந்து எடுப்பான் என்று இருந்தேன்.

அவன் வரவில்லை.

சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. முதலில் அங்கொன்று இங்கொன்று, பிறகு முழுதாக. என் ஊர் இருக்கிற ஈச்சிலம்பற்றுப் பக்கத்தால் சனம் மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டு வந்தது. என்னுடைய சொந்தங்களும் வந்தார்கள். எங்கள் தகரக் கொட்டிலுக்குள் கால் வைக்க இடமில்லை. கடையிலோ வேலை குறைவு. அந்த நீலக் கவர் மட்டும் சுவரிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி ஒவ்வொரு நாளும் கேட்பார்: "அதை எறிவமோ?" நான், "சாமான் அவருடையது அண்ணை," என்பேன். அவன் உயிரோடு இருக்கிறானா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் துறைமுகப் பக்கம் சுற்றிவளைப்பு. ஆமிக்காரர் கடை கடையாய் ஏறினார்கள். எங்கள் கடைக்கு ஒரு அதிகாரியும் நாலைந்து பேரும் வந்தார்கள். அதில் ஒருவனுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். மேசையில் நான் ஒரு டியூபிலிருந்து எடுத்து வைத்த சாம்பல் நிறப் பசை உருண்டை இருந்தது. அவன் அதைக் காட்டிக் கேட்டான்.

"இது என்ன?"

எங்களுக்குள் அந்தப் பசையை மருந்து என்றுதான் சொல்வோம். முதலாளி உள்ளதைத்தான் சொன்னார்.

"வெடிப்புக்குப் போடுற மருந்து சேர்."

தமிழ் கொஞ்சம் தெரிந்தவனுடைய காதில் அதில் பாதிதான் விழுந்தது. வெடி. மருந்து. அவன் சிங்களத்தில் கத்தினான். அவ்வளவு துவக்குகளும் ஒன்றாய் நிமிர்ந்தன. முதலாளி நிலத்தில் குப்புற விழுந்தார். வாசலில் நின்ற அதிகாரி இரண்டடி பின்னுக்குப் போனார்.

எனக்கும் விழத்தான் கால் சொன்னது. ஆனால் நான் விழுந்தால் அந்த உருண்டை மேசையில் தனியே கிடக்கும். அவர்கள் கண்ணுக்கு அது குண்டாகத்தான் இருக்கும். என்னுடைய கையில் இருந்தால்தான் அது பசை. கையை மெல்ல உயர்த்திக் காட்டினேன். "மாத்தயா, பிளாஸ்டிக் கம்," என்றேன். பிளாஸ்டிக் பசை. பிறகு எல்லோரும் பார்க்கப் பார்க்க, மெல்ல, அந்த உருண்டையை எடுத்தேன். கிள்ளினேன். மற்ற டியூபிலிருந்து ஒரு துண்டு கிள்ளிச் சேர்த்து உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தேன். குழந்தைக்குச் சோறு பிசைகிற மாதிரி. ஒரு உடைந்த வாளியின் இரண்டு துண்டை எடுத்து ஒட்டி நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

அது வாளிக்குப் போடுகிற அவசரப் பசை; வளைத்தால் முறியும், இழுத்தால் வராது. நல்ல காலம். மெல்ல இறுகுகிறதாயிருந்தால் நாளைக்கு வாங்கோ என்று ஆமிக்காரருக்குச் சொல்லவேண்டி வந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி ஒருவனை அனுப்பினார். அவன் வந்து இழுத்துப் பார்த்தான். வரவில்லை. இன்னொருவன் சேர்ந்து இழுத்தான். வரவில்லை. அதிகாரி தமிழ் தெரிந்தவனைப் பார்த்து ஒன்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான். துவக்குகள் இறங்கின. முதலாளி மட்டும் இன்னும் எழும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் கண் சுவரில் மாட்டியிருந்த நீலக் கவரில் விழுந்தது. நங்கூரப் படம்.

"இது நேவிக்காரனுடையது. எப்படி இங்கே?" என்று தமிழ் தெரிந்தவனைக் கொண்டு கேட்டார்.

நிலத்திலிருந்து முதலாளி, "வாங்கினது சேர், சாமான் கடையில..." என்று தொடங்கினார்.

"இல்லை சேர்," என்று நான் இடையில் விழுந்தேன். "திருத்தத் தந்தவர். திரும்பி வரேல்லை."

"பெயர்?"

தெரியாது. உண்மையாகவே நாங்கள் கேட்டிருக்கவில்லை. வெள்ளம் தலைக்கு மேல் போன மாதிரி இருந்தது. தெரிந்ததைத்தானே சொல்லலாம்? பொலன்னறுவைப் பக்கம் பொம்பிளை பார்க்கப் போனவர், தரகர் ரேசிங் பைக் என்று சொல்லிவிட்டார், நான் முகத்தைக் கழற்றி அனுப்பினேன் என்று எல்லாவற்றையும் ஒழுங்காய்ச் சொன்னேன். தமிழ் தெரிந்தவன் இந்த முறை கவனமாக மொழிபெயர்த்தான். அதிகாரி கேட்டுக்கொண்டு வந்தார். இடையில் ஒரு இடத்தில் அவருடைய வாய் கோணியது.

"இது இல்லாமலோ போனான், பெண் பார்க்க?"

"ஓம் சேர்."

அவர் கவரைக் கழற்றி, உள்பக்கம் நான் ஒட்டின இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, திரும்ப ஆணியில் மாட்டினார். "வைத்திருங்கள். வந்தால் கொடுங்கள்," என்றார். 'வந்தால்' என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பொய் சொல்லாதே என்று பாடம் நடத்த நான் இதைச் சொல்லவில்லை. முதலாளியின் பொய்க்கு அடுத்த கேள்வி 'எந்தக் கடை?' அதற்கு அடுத்தது 'பில் எங்கே?' பயந்த நேரத்தில் ஒரு பொய்யைக் கட்டி எழுப்ப ஆருக்கு மூளை வேலை செய்யும்? நடந்ததைச் சொல்ல மூளை வேண்டியதில்லை. நடந்தபடியால் அது தானாய் வரும்.

பிறகும் மாதங்கள் போயின. மாரி போய், வெயில் காலம் வந்து, மேற்கால் அடிக்கிற கச்சான் காற்றும் எழும்பிவிட்டது. ஒரு மத்தியானம், நான் ஒரு மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு சத்தம். பெரிய எஞ்சின் சத்தம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை! கோழி வந்திருக்கு!" என்று கத்தினார்.

அதே வண்டி. இன்னும் வயர் வெளியில்தான். அதே றப்பர் பட்டி. ஓட்டி வந்தவன் மெலிந்து கறுத்திருந்தான். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. வடக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை இறங்கினாள். வட்ட முகம், இரட்டைப் பின்னல், கையில் ஒரு பார்சல். சிங்களவர் பண்டிகைக்குச் சுடுகிற கொண்டைப் பலகாரம்.

"நோனா," என்று அறிமுகம் செய்தான். மனைவி.

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கையெல்லாம் பிளாஸ்டிக் தூள். அவளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் படபடவென்று கதைத்தாள். முதலாளி மொழிபெயர்க்கத் திணறினார்.

அவள் சொன்னது இதுதான். அன்றைக்கு அவள் யன்னலால் பார்த்தாளாம். ரேசிங் பைக் மாப்பிள்ளை வருகிறான் என்று வீடு முழுக்கப் பரபரப்பு. அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. பெருமைக்காரன் ஒருத்தன் வரப்போகிறான் என்று அறைக்குள் இருந்திருக்கிறாள். வந்ததோ நனைந்த ஒரு ஆள். மூக்கில் கிறீஸ். வாசலில் நின்று, தொங்குகிற வயர்களை ஒவ்வொன்றாய் உள்ளே தள்ளுகிறானாம். ஒன்றைத் தள்ள மற்றது வெளியில் வருகிறதாம். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தேத்தண்ணி கொண்டுபோகும்போதும் கோப்பை கிலுகிலு என்று ஆடினதாம்.

"அக்கா இதைப் பூட்டித்தான் அனுப்பியிருந்தால் நான் அறையை விட்டு வந்திருக்க மாட்டேன்," என்றாளாம்.

நான் கவரை ஆணியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். பக்கத்துக் கவர்களோடு சேர்த்துப் பூட்டினேன். காது சிக்கென்று இருந்த இடத்தில் இருந்தது. அவன் முட்டியால் தட்டிப் பார்த்தான், ஹாண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். நான் அவனுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து என் மனுசன் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்துவிட்டார். நான் காலமை மறந்து விட்டு வந்த சோறும், சட்டியோடே பாரை மீன் குழம்பும். வாசலில் நேவிக்காரனைக் கண்டு நின்றார். ஆர் என்று நான் சொல்லாமலே தெரிந்துகொண்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அதைக் கேட்காமல் ஒருவரும் வேறு கதை தொடங்குவதில்லை.

மேசையிலிருந்த தூளைத் தட்டி, பேப்பர் விரித்து, இருந்த சோற்றை ஐந்து பேரும் பங்கிட்டோம். முதலாளி பக்கத்துக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் உறைப்பைப் பற்றித்தான் கதை. அந்தப் பிள்ளைக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனால் கையை எடுக்கவில்லை.

என் மனுசன் எதையோ மனதில் வைத்துக்கொண்டு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் காலால் அவருடைய காலைத் தட்டினேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். எங்கட வள்ளத்தை எப்ப சுதந்திரமாய்க் கடலுக்கு விடுவியள்? நீங்கள் ஆரிட்டயும் சொன்னால் நடக்குமோ?"

முதலாளியின் வாய் அசையாமல் நின்றது. அவராயிருந்தால் 'ஓம் ஓம்' என்று சொல்லி முடித்திருப்பார். நேவிக்காரன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து என் மனுசனின் முகத்தைப் பார்த்தான்.

"ஏலாது அண்ணே. எனக்கு ஏலாது. நான் சின்ன ஆள்."

தெருவில் ஒரு டிரக் வண்டி போய் முடிந்தது. என் மனுசன் அவனுடைய மடங்காத விரல்களைப் பார்த்தார். பிறகு சட்டிக்குள் கையை விட்டு, தனக்கென்று நான் எப்போதும் ஒதுக்கி வைக்கிற பாரைத் தலையை எடுத்து, அவனுடைய சோற்றில் வைத்தார்.

"முள்ளுப் பாத்துச் சாப்பிடும்," என்றார்.